ரோமாபுரி வெள்ளிக் காசு: எடையும் மாற்றும் எழுத்தும்

மிளகும் சீரகமும் விற்கிற நமக்கு ரோமாபுரிக் காசைப் பற்றி என்ன தெரிந்திருக்க வேண்டும் என்று அன்பர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் ஒரு விஷயத்தை யோசித்துப் பாருங்கள். இன்றைக்கு ஏறத்தாழ இரண்டாயிரம் வருஷத்திற்கு முன்பு இந்தப் பக்கத்து மிளகுக்கு விலையாக வந்த ரொக்கம்தான் அந்தக் காசு. கோவை, கரூர் வட்டாரங்களில் உழவு ஓட்டும்போதும் அஸ்திவாரம் தோண்டும்போதும் அது கலயம் கலயமாகக் கிடைத்திருக்கிறது. கிடைத்தவர்கள் முதலில் தேடிப் போவது பெரும்பாலும் கடைக்காரரைத்தான். "அண்ணாச்சி, இது வெள்ளியா பாருங்க" என்று நம் கல்லாவுக்கு முன்னால்தான் வந்து நிற்பார்கள். அந்த நேரத்தில் நாம் சொல்கிற வார்த்தையில் ஒரு சரித்திரச் சான்று பிழைக்கவும் செய்யும், பட்டறையில் உருகிப் போகவும் செய்யும். தவறான யோசனை சொன்னால் சொன்னவர் தலையிலும் வழக்கு வரலாம். இன்னொரு பக்கம், ரோமானியக் காசு என்று சொல்லிப் போலியைக் கொண்டுவந்து தலையில் கட்டுகிறவர்களும் பெருகிவிட்டார்கள். ஆகவே தெரிந்துகொள்வதில் நஷ்டமில்லை.

இந்தக் காசின் பெயர் டினாரியஸ். பத்து என்ற பொருளுள்ள லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. ஆரம்பத்தில் பத்து ஆஸ் என்ற செப்புக் காசுக்கு இது சமம். பிற்பாடு பதினாறு ஆஸ் ஆயிற்று. நான்கு செஸ்டர்ஸ் ஒரு டினாரியஸ். இருபத்தைந்து டினாரியஸ் ஓர் ஆரியஸ் என்ற தங்கக் காசு. அரபு நாடுகளில் இன்றும் வழங்குகிற தினார் என்ற பெயர் இதிலிருந்து பிறந்ததே. வளைகுடாவில் பிள்ளைகள் வேலை பார்க்கும் வீடுகளில் தினமும் அடிபடுகிற சொல்லுக்கு இவ்வளவு பழைய பூர்வீகம் இருக்கிறது.

டினாரியஸை முதலில் அச்சடித்தது கி.மு. 211-ஐ ஒட்டி, கார்த்தேஜுடன் ரோமாபுரி பெரும்போர் நடத்திக்கொண்டிருந்த சமயம். அகஸ்டஸ் சக்கரவர்த்தி காலத்தில், அதாவது ஏசுநாதர் பிறந்த காலத்தை ஒட்டி, ஒரு ரோமானியப் பவுண்டு வெள்ளியில் 84 காசு என்ற கணக்கில் அடித்தார்கள். ரோமானியப் பவுண்டு என்பது சுமார் 325 கிராம். ஆக ஒரு காசு 3.9 கிராம். நமக்குப் புரிகிற மாதிரிச் சொன்னால் அரைப் பவுன் எடைக்குக் கொஞ்சம் குறைவு. விக்டோரியா ராணி தலை போட்ட வெள்ளி ரூபாயில் சரியாக மூன்றில் ஒரு பங்கு. விட்டம் 18 மில்லிமீட்டர் அளவில் இருக்கும். இன்றைய ஒரு ரூபாய்க் காசைவிடச் சிறியது, ஆனால் கனம் அதிகம். வெள்ளியின் மாற்று நூற்றுக்கு 97, 98. இதைவிடச் சுத்தமான வெள்ளிக் காசை எந்த அரசும் எளிதில் அடித்துவிட முடியாது.

மிளகு விலை என்ன?

பிளினி என்றொரு ரோமானிய அறிஞர் கி.பி. 77-ஐ ஒட்டித் தம் பெரிய நூலை எழுதி முடித்தார். அதில் அன்றைய ரோமாபுரி மிளகு விலை இருக்கிறது. பவுண்டு ஒன்றுக்குத் திப்பிலி 15 டினாரியஸ், வெள்ளை மிளகு 7, கருமிளகு 4. கிலோவுக்குக் கணக்குப் போட்டால் கருமிளகு 12 டினாரியஸுக்குச் சற்று அதிகம். அகஸ்டஸ் காலத்து ரோமானியப் போர்வீரனின் வருஷச் சம்பளம் 225 டினாரியஸ். பிளினி எழுதும்போதும் சம்பளம் அதுதான். அவ்வளவையும் மிளகாக வாங்கினால் 18 கிலோ தேறும். ஒரு சிப்பாயின் வருஷக் கூலிக்கு அரை மூட்டை மிளகுகூட வரவில்லை என்றால், அது எப்பேர்ப்பட்ட சரக்காக இருந்திருக்கும்! ஆனாலும் வாங்கினார்கள். கி.பி. 92-ல் டொமிஷியன் என்ற சக்கரவர்த்தி ரோமாபுரி நடுவில் மிளகுக்கென்றே கிடங்கு கட்டினான்.

இதே பிளினி, இந்தியா ஆண்டுதோறும் ஐந்து கோடி செஸ்டர்ஸ் பணத்தை உறிஞ்சிவிடுகிறது என்றும், அங்கே வாங்கிய சரக்கு இங்கே நூறு மடங்கு விலைக்கு விற்கிறது என்றும் குறைப்பட்டுக்கொண்டார். ஐந்து கோடி செஸ்டர்ஸ் என்றால் ஒன்றேகால் கோடி டினாரியஸ். அத்தனையும் வெள்ளியாகவே வந்திருந்தால் 40 டன்னுக்கு மேல். தங்கமாகவும் சரக்காகவும் வந்தது போக மீதிதான் வெள்ளி என்பதால் இந்த எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. நூறு மடங்கு லாபம் என்பதைப் பற்றி எனக்குச் சந்தேகமே உண்டு. முசிறியிலிருந்து கப்பல் வாடகை, செங்கடல் துறையிலிருந்து நைல் நதி வரை ஒட்டகக் கூலி, பிறகு படகு, பிறகு அலெக்சாண்டிரியாவில் கால் பங்குச் சுங்கம், கடனுக்கு வட்டி, கடலில் போன கப்பல் போனதுதான் என்ற ஆபத்து, இவை எல்லாவற்றையும் கழித்துப் பார்த்துத்தான் எழுதினாரா? கொள்முதல் விலையையும் விற்பனை விலையையும் மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து வியாபாரியைக் கொள்ளைக்காரன் என்று சொல்கிற பழக்கம் அன்றைக்கே இருந்திருக்கிறது.

இது வெறும் ஊகமல்ல. வியன்னா நகரில் பாதுகாக்கப்படும் ஒரு பழைய பாப்பிரஸ் தாளில், கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் முசிறிக் கடல் வியாபாரத்திற்காக எழுதப்பட்ட கடன் பத்திரம் இருக்கிறது. தாளின் மறுபக்கத்தில் ஹெர்மபோலான் என்ற கப்பலில் வந்த சரக்கின் மதிப்பும் எழுதப்பட்டிருக்கிறது. ஏறத்தாழ 70 லட்சம் செஸ்டர்ஸ். டினாரியஸ் கணக்கில் பதினேழரை லட்சம். ஒரே கப்பல்! சரக்கைச் சுங்கக் கிடங்கில் யார் முத்திரையின் கீழ் வைப்பது, கெடு தாண்டினால் என்ன என்பதெல்லாம் பத்திரத்தில் உண்டு. நம் காலத்துச் சரக்கீட்டுக் கடனைப் பார்ப்பது போலவே இருக்கும்.

கொங்கு நாட்டில் கிடைப்பது ஏன்?

முசிறி, இன்றைய கேரளத்தில் கொடுங்கல்லூர்ப் பக்கம். அங்கிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியாகப் பொள்ளாச்சி, வெள்ளலூர், கரூர் என்று பெருவழி வந்தது. காங்கேயம் அருகே படியூரில் பெரில் என்ற பச்சைநீலக் கல் எடுத்தார்கள். ரோமாபுரிச் சீமாட்டிகளுக்கு அதில் ஆசை. ஆகவேதான் வெள்ளலூர், கரூர், பொள்ளாச்சி, கத்தாங்கண்ணி, பூதிநத்தம் என்று இந்த வழியை ஒட்டிய ஊர்களிலேயே வெள்ளிக் காசுப் புதையல்கள் அகப்பட்டன. வெள்ளலூரில் 1842-ல் ஒரே இடத்தில் ஐந்நூறுக்கு மேற்பட்ட டினாரியஸ் கிடைத்தது. அப்புறமும் அந்த ஊரில் கிடைத்திருக்கிறது.

இவற்றில் ஒரு வேடிக்கை. புதையல்களில் மிகப் பெரும்பாலானவை இரண்டே இரண்டு ரகங்கள்தாம். இரண்டும் இன்றைய பிரான்சு தேசத்து லியோன் நகரில் அடிக்கப்பட்டவை. இந்த இரண்டையும் தெரிந்துகொண்டால் தமிழ்நாட்டில் பார்க்கக்கூடிய ரோமானிய வெள்ளிக் காசில் பெரும்பகுதியைத் தெரிந்துகொண்ட மாதிரி.

முதலாவது அகஸ்டஸ் காசு. ஒரு பக்கம் இலைமாலை சூடிய தலை. அகஸ்டஸ் எழுபத்தைந்து வயது வரை இருந்தவர். ஆனால் காசில் கடைசிவரை வாலிபர்தான். மறுபக்கம் இரண்டு பேர் அங்கி உடுத்து நிற்பார்கள். அவர்களுக்கு நடுவில் இரண்டு கேடயம், இரண்டு ஈட்டி. மேலே பூசைக் கரண்டி ஒன்றும் நுனி வளைந்த கோல் ஒன்றும். நிற்பவர்கள் கேயஸ், லூசியஸ் என்ற பேரப்பிள்ளைகள். அகஸ்டஸ் சுவீகாரம் எடுத்துக்கொண்ட வாரிசுகள். இரண்டு பேரும் தாத்தாவுக்கு முன்பே இறந்துபோனார்கள். கி.மு. 2-ல் தொடங்கிச் சில வருஷங்கள் இந்த ரகத்தை ஏராளமாக அடித்தார்கள்.

இரண்டாவது, அவருக்குப் பின் கி.பி. 14 முதல் 37 வரை ஆண்ட டைபீரியஸ் காசு. பின்பக்கம் ஒரு பெண் நாற்காலியில் அமர்ந்திருப்பாள். ஒரு கையில் செங்கோல், மற்றொன்றில் மரக்கிளை. அரசனின் தாயார் லிவியா என்று பலர் சொல்கிறார்கள். சுற்றிலும் 'பான்டிஃப் மேக்சிம்' என்ற எழுத்து, தலைமைக் குருக்கள் என்று பொருள். பைபிளில் வரி கொடுப்பது பற்றி ஏசுநாதரிடம் கேட்டபோது அவர் ஒரு காசைக் காட்டச் சொல்லி, இதில் இருக்கிற உருவம் யாருடையது என்று கேட்டாரே, அந்தக் காசு இதுதான் என்று ஆங்கிலேயச் சேகரிப்பாளர்கள் இதற்கு வரிக் காசு என்றே பெயர் வைத்துவிட்டார்கள். அதனால் விலையும் ஏறிவிட்டது. உண்மையில் இது அரிதான காசு அல்ல.

ஏன் இந்த இரண்டு ரகமே வந்தன என்பதற்குப் பதில் மாற்றில் இருக்கிறது. கி.பி. 64-ல் நீரோ மன்னன் ஒரு காரியம் செய்தான். அந்த வருஷம்தான் ரோமாபுரி தீப்பற்றி எரிந்தது. பவுண்டுக்கு 84 காசு அடித்த இடத்தில் 96 அடிக்கச் சொன்னான். காசு 3.4 கிராமுக்கு இறங்கியது. அதோடு விடவில்லை, செம்பையும் சேர்த்து வெள்ளியை நூற்றுக்கு 80 அளவுக்குக் கொண்டுவந்தான். காசின் பெயர் அதேதான், முகமதிப்பும் அதேதான். ரோமாபுரிக்குள் சட்டம் இருக்கிறது, வாங்கித்தான் தீர வேண்டும். கடல் கடந்த வியாபாரிக்கு அந்தச் சட்டம் ஏது? தென்னாட்டில் வெள்ளி விளைவதில்லை. இங்கே இருந்தவர் வடநாட்டு முத்திரைக் காசை 32 குன்றிமணி எடைக்கு வாங்கிப் பழகியவர். டினாரியஸையும் வெள்ளியாகவே பார்த்தார். பழைய காசு என்றால் சரி, புதிய காசு வேண்டாம். நீரோவின் மாற்றத்திற்குப் பின் அடித்த டினாரியஸ் நம் பக்கத்துப் புதையல்களில் அபூர்வமாகிவிடுகிறது. ஜெர்மானியக் காட்டுவாசிகளும் இதே போல விளிம்பில் பல் வெட்டிய பழைய காசையும் இரட்டைக் குதிரைத் தேர் போட்ட பழைய காசையும் மட்டுமே கேட்டு வாங்கினார்கள் என்று டாசிட்டஸ் என்ற ரோமானியர் எழுதியிருக்கிறார். காட்டுவாசி ஆனாலும் வியாபாரத்தில் ஏமாறவில்லை.

கிழிந்த நோட்டும் சலவை நோட்டும் கையில் இருந்தால் நாம் எதை முதலில் தள்ளிவிடுகிறோம்? அதே சங்கதிதான். 1940-ல் பிரிட்டிஷ் சர்க்கார் வெள்ளி ரூபாயின் மாற்றைப் பன்னிரண்டில் பதினொரு பங்கிலிருந்து பாதியாகக் குறைத்தபோது, பழைய ரூபாயெல்லாம் புழக்கத்தை விட்டுப் பானைக்குள் போய்விட்டது என்று நம் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள்.

பிளினி சொல்லும் இன்னொரு சம்பவம் இலங்கையைப் பற்றியது. அங்கே காற்றில் ஒதுங்கிய ரோமானியர் ஒருவரிடம் இருந்த டினாரியஸ்களை அந்நாட்டு அரசன் நிறுத்துப் பார்த்தானாம். வெவ்வேறு அரசர்கள் தலை போட்டிருந்தும் எல்லாம் ஒரே எடையாக இருந்ததைக் கண்டு, ரோமானியர்கள் யோக்கியமானவர்கள் என்று முடிவு செய்து தூது அனுப்பினானாம். நம் மொழியில் காசுக்கும் நேர்மைக்கும் நாணயம் என்று ஒரே சொல்லை வைத்தவர்களுக்கு அந்த அரசனின் கணக்கு நன்றாகவே விளங்கியிருக்கும். இந்தக் கதை கிளாடியஸ் காலத்தது. நீரோவுக்குப் பின்னால் அதே அரசன் நிறுத்திருந்தால் என்ன சொல்லியிருப்பானோ!

செம்பாகிப் போன வெள்ளி

நீரோ திறந்த வழியில் பின்னால் வந்தவர்கள் நடந்தார்கள். செலவெல்லாம் படைக்குத்தான். டொமிஷியன் சிப்பாய் சம்பளத்தை 300 டினாரியஸ் ஆக்கினான். கி.பி. 193-ல் பட்டத்துக்கு வந்த செப்டிமியஸ் செவரஸ் மேலும் ஏற்றினான். அவன் காலத்தில் காசில் வெள்ளி ஏறக்குறையப் பாதி. அவன் மகன் காரகல்லா கி.பி. 215-ல் 5 கிராமுக்குச் சற்று மேற்பட்ட புதிய காசு ஒன்றை விட்டான். தலையில் சூரியக் கதிர் போன்ற கிரீடம் இருந்தால் அந்தக் காசு. இரண்டு டினாரியஸ் மதிப்பு என்று பொதுவாகக் கருதப்படுகிறது. அதில் இருந்ததோ ஒன்றரை டினாரியஸ் வெள்ளி. ஐம்பது வருஷத்தில், காலியெனஸ் ஆட்சி முடியும் கி.பி. 268-ஐ ஒட்டி, அந்தக் காசில் வெள்ளி நூற்றுக்கு ஐந்துகூட இல்லை. செப்புக் காசுக்கு வெள்ளிப் பூச்சு, அவ்வளவுதான்.

இதன் விளைவு கி.பி. 301-ல் தெரிந்தது. டயோக்ளீஷியன் என்ற சக்கரவர்த்தி ஆயிரத்துக்கு மேற்பட்ட சரக்குகளுக்கும் கூலிகளுக்கும் உச்ச விலை நிர்ணயித்துக் கல்லில் வெட்டி ஊர் ஊராக நிறுத்தினான். மீறினால் மரண தண்டனை. அந்த ஆணையின் முகவுரை முழுக்க விலை ஏற்றுகிறவர்களின் பேராசையைப் பற்றிய வசவு. காசில் வெள்ளியை எடுத்தது யார் என்பதைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை. ஒரு பவுண்டு தங்கத்திற்கு அதில் குறித்த விலை 72,000 டினாரியஸ். அகஸ்டஸ் நாளில் சுமார் ஆயிரம். பலன் என்ன ஆயிற்றென்று அக்காலத்தவரான லாக்டான்ஷியஸ் எழுதி வைத்திருக்கிறார்: அற்பச் சரக்குக்கெல்லாம் ரத்தம் சிந்தியது, பயத்தில் சரக்கு சந்தைக்கே வராமல் போயிற்று, கடைசியில் ஆணை கைவிடப்பட்டது. கட்டுப்பாட்டு விலைக் காலங்களைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை.

பார்த்தறிவது எப்படி?

முதலில் தராசு. பத்து மில்லிகிராம் காட்டுகிற சிறிய மின்னணுத் தராசு இப்போது மலிவாகக் கிடைக்கிறது. அகஸ்டஸ், டைபீரியஸ் காசு தேய்ந்திருந்தாலும் 3.5 முதல் 3.9 கிராம் வரை நிற்க வேண்டும். நீரோவின் பிற்காலம் முதல் நூறு நூற்றிருபது வருஷத்துக் காசுகள் 3 முதல் 3.4. அகஸ்டஸ் தலை போட்டு 5 கிராம் நிறுத்தாலோ, 2.5 நிறுத்தாலோ அடுத்த பேச்சு வேண்டாம். எடை குறைந்து, தேய்ந்த இடத்தில் சிவப்பாகத் தெரிந்தால் செம்புக்குள்ளிட்டு வெள்ளித் தகடு போர்த்தியதாக இருக்கலாம். இதில் ஒன்று கவனிக்க வேண்டும்: இப்படிப்பட்ட கள்ளக் காசு ரோமாபுரியிலேயே அந்தக் காலத்திலேயே உண்டு. ஆகவே அது பழைய போலி. அதையும் சேகரிப்பவர்கள் இருக்கிறார்கள்.

உரைகல்லைத் தயவு செய்து எடுக்க வேண்டாம். உரைத்தால் காசு கெடும் என்பது ஒன்று. உரைத்தாலும் உண்மை தெரியாது என்பது மற்றொன்று. மாற்றுக் குறைந்த காசுத் தகட்டை அடிப்பதற்கு முன் சூடேற்றிப் புளிப்பு நீரில் போட்டு மேல்பரப்புச் செம்பை அரித்தெடுத்துவிடுவார்கள். மேலே சுத்த வெள்ளி, உள்ளே கலப்படம். மூட்டையின் வாயில் நல்ல மிளகை வைத்து அடியில் பப்பாளி விதை கலப்பது போலத்தான். இந்த ஏமாற்றில் அறிஞர்களே விழுந்தார்கள். நீரோ காசில் வெள்ளி 93 பங்கு என்று பழைய புத்தகங்களில் காணப்படும். மேல்பரப்பைச் சோதித்ததால் வந்த எண் அது. பின்னால் உள்ளே துளைத்துச் சோதித்த பிறகே 80 என்று தெரிந்தது.

அடுத்து விளிம்பு. இந்தக் காசுகள் சம்மட்டியால் அடித்தவை. கீழ் அச்சைப் பட்டறையில் பதித்து, சூடான வெள்ளி வட்டை அதன்மேல் வைத்து, மேல் அச்சைக் கையில் பிடித்து ஓர் அடி. அதனால் வட்டம் ஒழுங்காக இராது, உருவம் ஒரு பக்கம் தள்ளி விழும், விளிம்பில் சிறு வெடிப்பு காணும். ஒரே அச்சில் அடித்த இரண்டு காசும்கூட ஒன்று போல இருக்காது. வார்ப்புப் போலியில் விளிம்பைச் சுற்றி ஒட்டுக் கோடு இருக்கும் அல்லது அதை அரத்தால் ராவிய தடம் இருக்கும். பரப்பில் ஊசிமுனை அளவு குமிழிப் பள்ளங்கள் தெரியும். எழுத்தின் ஓரம் சோப்புக்கட்டி தேய்ந்தது போல மழுங்கியிருக்கும். பத்து ரூபாய்க்குக் கிடைக்கும் பூதக்கண்ணாடியே போதும்.

எனக்குத் தெரிந்த வியாபாரி ஒருவர் சுற்றுலாத் தலம் ஒன்றில் டைபீரியஸ் காசு ஆறு வாங்கி வந்து காட்டினார். ஆறிலும் நெற்றிக்கு நேரே அதே வெடிப்பு, ஆறிலும் உருவம் அதே அளவு இடப்பக்கம் தள்ளி. ஒரே காசை வைத்து அச்செடுத்து ஆறு வார்த்திருக்கிறார்கள். ஒன்றை மட்டும் வாங்கியிருந்தால் கண்டுபிடிப்பது சிரமமாகியிருக்கும். அதிகமாக வாங்கியதில் அவருக்கு உண்மை தெரிந்ததுதான் மிச்சம்.

வார்ப்பு மட்டுமே போலி என்று எண்ணிவிடக் கூடாது. ஜெர்மனியில் 1772 முதல் 1830 வரை வாழ்ந்த பெக்கர் என்பவர் புதிதாக அச்சு வெட்டி அச்சு அசலாகக் காசு அடித்தார். பழசாகத் தெரிவதற்காகக் காசுகளை இரும்புத் தூளும் மசகும் நிறைந்த பெட்டியில் போட்டு, வண்டி அச்சில் கட்டி ஊரைச் சுற்றி வருவாராம். அவர் போலிகளுக்கே இன்று தனி விலை உண்டு.

இனி எழுத்து. லத்தீன் தெரியாதே என்று தயங்க வேண்டாம். ஆங்கில எழுத்துத் தெரிந்தால் போதும், அதே எழுத்துத்தான். விளிம்பை ஒட்டி வட்டமாக ஓடும், பெரும்பாலும் கடிகார முள் சுற்றும் திசையில். சொற்களுக்கிடையே இடைவெளி இராது. யு என்ற எழுத்து கிடையாது. அதன் இடத்தில் வி இருக்கும். வளைந்த யு போட்ட டினாரியஸை யாராவது நீட்டினால் நீங்கள் சிரித்துவிட்டுத் திருப்பிக் கொடுக்கலாம். ஏ.வி.ஜி. என்றால் அகஸ்டஸ், அதாவது சக்கரவர்த்தி பட்டம்; இது எல்லா அரசர்களுக்கும் வரும், ஆகவே அந்த மூன்றெழுத்தைக் கண்டதும் அகஸ்டஸ் காசு என்று சொல்லிவிடக் கூடாது. ஐ.எம்.பி. என்பது படைத்தலைவர். பி.எம். தலைமைக் குருக்கள். பி.பி. நாட்டின் தந்தை. டி.ஆர்.பி. என்பது வருஷா வருஷம் புதுப்பிக்கிற ஓர் அதிகாரம். அதன் பின்னால் வரும் ரோமன் எண்ணைப் பார்த்தால் காசு அடித்த வருஷமே தெரிந்துவிடும். சி.ஓ.எஸ். என்பது கன்சல் பதவி எத்தனையாவது முறை என்பது. இதில் மட்டும் ஜாக்கிரதை. ஹேட்ரியன் கி.பி. 119-ல் மூன்றாம் முறை கன்சல் ஆனவன், 138-ல் இறக்கும் வரை மறுபடி ஆகவில்லை. ஆகவே அவன் காசில் மூன்று என்று இருந்தால் பத்தொன்பது வருஷத்தில் எதுவும் ஆகலாம்.

முகத்தைப் பார்த்தே சொல்லப் பழகிவிடலாம். தடித்த கழுத்து என்றால் நீரோவின் பிற்காலம். வழுக்கையும் சுருக்கமுமாக நம் ஊர்ப் பெரிய தனக்காரர் மாதிரி இருந்தால் வெஸ்பாசியன். ஹேட்ரியன் முதல் தாடி வாடிக்கையாகிறது. முகத்தைச் சுளித்துக்கொண்டு இருப்பவன் காரகல்லா. ரோமன் இம்பீரியல் காயினேஜ் என்ற பெரிய அட்டவணை 1923 முதல் பல தொகுதிகளாக வெளிவந்தது. விலை நமக்குக் கட்டாது. அதன் தகவல்களை அமெரிக்க நாணயவியல் கழகத்தார் கம்ப்யூட்டரில் இலவசமாகப் பார்க்க வைத்திருக்கிறார்கள். வீட்டில் பேரப்பிள்ளைகளிடம் சொன்னால் நொடியில் எடுத்துத் தருவார்கள்.

நம் நாட்டில் கிடைத்தவற்றுக்குச் சில தனி அடையாளங்கள் உண்டு. சங்கிலியில் கோக்கத் துளையிட்டிருப்பார்கள். அரசன் முகத்தின் குறுக்கே உளியால் வெட்டியிருப்பார்கள். இது தங்கக் காசில் அதிகம். 1898-ல் புதுக்கோட்டைச் சீமையில் கிடைத்த 501 தங்கக் காசுகளில் பெரும்பாலானவற்றுக்கு இந்த வெட்டு உண்டு. இங்கேயே பார்த்து அடித்த நகல்களும் உள்ளன. அவற்றில் உருவம் ஓரளவு சரியாக இருக்கும், எழுத்து வெறும் கோடும் புள்ளியுமாக இருக்கும். அது போலியென்று ஒதுக்கத் தக்கதல்ல, அதுவும் பழம்பொருளே.

காசைச் சுத்தம் செய்கிறேன் என்று புளி, சாம்பல், பற்பசை எதையும் போடக் கூடாது. கருமை ஏறியிருந்தால் அப்படியே இருக்கட்டும். வாங்குகிறவர்கள் அதைத்தான் விரும்புகிறார்கள். மண்ணில் நெடுங்காலம் கிடந்த வெள்ளி சில சமயம் கண்ணாடி போல் நொறுங்கும், கீழே போட்டால் இரண்டாகிவிடும். ரப்பர் பேண்டு போட்டுக் கட்டினால் கறுக்கும். சாதாரண பிளாஸ்டிக் உறையில் பச்சைப் பிசின் பிடிக்கும். தடித்த காகித உறை நல்லது.

சட்டம் என்ன சொல்கிறது?

இதை எல்லோரும் கவனித்துப் படிக்க வேண்டும். 1878-ம் வருஷத்து இந்தியப் புதையல் சட்டப்படி, மண்ணில் புதைந்து கிடந்து பத்து ரூபாய்க்கு மேல் பெறுமான எதுவும் அகப்பட்டால், கண்டெடுத்தவர் கலெக்டருக்கு எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும். மறைத்தாலோ, அடையாளம் தெரியாதபடி உருக்கினாலோ ஒரு வருஷம் வரை சிறை உண்டு. ஒழுங்காகத் தெரிவித்தால் நஷ்டமென்று பலர் பயப்படுகிறார்கள், அப்படியல்ல. உரிமை கோருவோர் யாரும் இல்லையென்று தீர்ப்பானால், கண்டவருக்கு முக்கால் பங்கும் நிலத்துக்காரருக்குக் கால் பங்கும் என்பது சட்டத்தின் பொது ஏற்பாடு. அரசு தானே எடுத்துக்கொள்வதாக இருந்தால் பொருளின் உலோக மதிப்புக்கு மேல் ஐந்தில் ஒரு பங்கு சேர்த்துக் கொடுக்க வேண்டும். உலோக மதிப்பை மட்டும் கணக்கில் எடுப்பது போதாது, காசின் சரித்திர மதிப்பையும் பார்க்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம். அப்படிச் செய்தால் பாதிப் புதையல் பட்டறைக்குப் போகாது. ஆனால் சட்டம் இன்று இப்படித்தான் இருக்கிறது.

1972-ம் வருஷத்துப் பழம்பொருள் சட்டப்படி நூறு வருஷத்துக்கு மேற்பட்ட காசு பழம்பொருளாகும். அதை வாங்கி விற்பதைத் தொழிலாகச் செய்ய உரிமம் வேண்டும். தனி நபர் யாரும் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. சிங்கப்பூரிலிருந்து வந்த மருமகனிடம் ஞாபகார்த்தமாக ஒன்று கொடுத்தனுப்புவதும் இதில் அடங்கும்.

சேகரிக்க விருப்பமுள்ளவர் உரிமம் உள்ளவரிடம் பில் போட்டு வாங்கி, அந்தப் பில்லைக் காசோடு சேர்த்து வைக்க வேண்டும். பில்லின் அருமைக்கு ஓர் உதாரணம். ஜூலியஸ் சீசரைக் குத்திய புரூட்டஸ், கி.மு. 42-ல் இரண்டு கத்தியும் ஒரு குல்லாயும் போட்டுக் காசு அடித்தான். வெள்ளியிலும் தங்கத்திலும் உண்டு. அதில் தங்கக் காசு ஒன்று 2020 அக்டோபரில் லண்டன் ஏலத்தில் முப்பத்திரண்டு லட்சம் பவுனுக்கு மேல் போயிற்று. பிறகு விசாரித்ததில் பூர்வீகச் சான்று பொய்யென்று தெரிந்து, ஏல நிறுவனத்தின் அதிபர் கைதாகி, 2023-ல் அந்தக் காசு கிரீஸ் நாட்டுக்கே திருப்பிக் கொடுக்கப்பட்டது.

முதல் காசாக அகஸ்டஸையோ டைபீரியஸையோ தேடி ஓட வேண்டாம். செவரஸ் குடும்பத்துக் காசுகள் நிறையக் கிடைப்பவை, விலையும் சகாயம், எழுத்தும் தெளிவு. அதற்கும் முன்பாக அசலைக் கண்ணால் பார்த்துப் பழகுவது நல்லது. சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் தமிழ்நாட்டில் கிடைத்த ரோமானியக் காசுகள் இருக்கின்றன. அங்கே வெள்ளிக்கிழமை விடுமுறை. கொள்முதலுக்குச் சென்னை வருகிற அன்பர்கள் அதற்குத் தக்கபடி நாளைப் பார்த்துக்கொள்ளவும்.